அண்மைப்போர் வீரனை வடிவமைத்தல்: ஐம்பது ஆண்டு விவாதமும் தொலைவின் கணக்கும்

கேள்வியும் அதன் எல்லையும்

இணையவழிப் பாத்திர ஆட்டங்களில் வாளோ கோடரியோ ஈட்டியோ ஏந்தி, எதிரியின் கைக்கெட்டும் தூரத்துக்குச் சென்று பொரும் வீரனை ஆட்டக்காரர்கள் ‘மெலே’ என்று அழைக்கின்றனர். இக்கட்டுரையில் அவன் அண்மைப்போர் வீரன் எனப்படுகிறான். ஒவ்வொரு லெவலிலும் கிடைக்கும் புள்ளிகளை வலிமை, விரைவு, உடலுரம் முதலிய திறன்களிடையே பங்கிட்டு, அதற்கேற்ற ஆயுதத்தையும் சிறப்புத் தாக்குகளையும் தேர்ந்து அவனுக்கு அமைக்கும் முழு வடிவமே ‘பில்டு’. எந்தப் பில்டு சிறந்தது என்ற கேள்விக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றுள் பல ஒன்றையொன்று மறுப்பவை. சில, ஒரே ஆட்டத்தின் ஒரே எண்களை வைத்துக்கொண்டே எதிரெதிரான முடிவுக்கு வந்தவை.

வில்லாளியும் மந்திரவாதியும் தூரத்தையே தற்காப்பாகக் கொள்ள முடியும். அண்மைப்போர் வீரன் அடிக்க வேண்டுமானால் அடிபடும் இடத்துக்கே போயாக வேண்டும் என்பதால், தாக்குதலுக்கு இடும் ஒவ்வொரு புள்ளியும் தற்காப்பிலிருந்து எடுத்த புள்ளியாகிறது. பில்டு விவாதங்களில் இவனைப் பற்றியதே மிக நீண்டதாகவும் கடுமையானதாகவும் இருந்து வருவதற்கு இதுவே காரணம் எனலாம்.

அவ்விவாதத்தின் முதன்மை நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்பதை இங்கே மதிப்பிடலாம். மதிப்பிடும் இடமும் முக்கியம். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மலையடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களிலிருந்து ஆடுபவர் ஒருவரை மனத்தில் கொண்டு பார்க்கும்போது, மரபான விடைகள் பெரும்பாலும் சர்வருக்கு, அதாவது ஆட்டத்தை நடத்தும் மையக் கணினிக்கு, அருகிலிருந்து ஆடுபவருக்காகச் சொல்லப்பட்டவை என்பது புலப்படும்.

மேசையிலிருந்து திரைக்கு

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை ஆட்டத்தில் பில்டு என்ற கேள்விக்கே பெரிய இடமில்லை. வலிமை உள்ளிட்ட ஆறு திறன்களும் மூன்று பகடைகளை உருட்டிப் பெறப்பட்டன. விழுந்த எண்ணுக்கேற்ப வீரனாவதா, மந்திரவாதியாவதா, சமயத் துறவியாவதா என்று முடிவு செய்வதே ஆட்டக்காரரின் வேலை. வலிமை மிகுந்தவன் கனமாக அடிப்பான் என்ற, இன்று இயல்பாகத் தோன்றும் விதிகூட 1975-இல் வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு நூலில்தான் தெளிவாக இடம்பெற்றது. வீரனின் உடல் அவனுக்கு வாய்த்தது என்ற கருத்து இங்கே அடித்தளமாக இருந்தது.

வாய்த்தது என்பதைத் தேர்ந்தது என்று மாற்றிய ஆட்டங்களுள் 1977-இல் ஸ்டீவ் ஜாக்சன் உருவாக்கிய சிறிய ஆட்டம் ஒன்று இக்கேள்வியின் வரலாற்றில் தனி இடம் பெறத் தக்கது. அதன் பெயரே ‘மெலே’. வலிமை, கைத்திறன் என்ற இரண்டே திறன்கள். ஒவ்வொன்றும் 8-இல் தொடங்கும். பங்கிடுவதற்கு மேலும் 8 புள்ளிகள் தரப்படும். வலிமை கூடினால் கனமான ஆயுதத்தைத் தூக்கலாம், அதிக அடியும் தாங்கலாம். கைத்திறன் கூடினால் முதலில் வீசலாம், வீச்சும் குறி தவறாது. மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை கைத்திறனைத் தாண்டாமல் இருந்தால் அடி விழும் என்பது விதி. இதைக் கணக்கிட்டால், கைத்திறன் 8 உள்ளவனுக்கு அடி விழும் வாய்ப்பு சுமார் 26 விழுக்காடு, 10 உள்ளவனுக்குச் சரியாக 50, 12 உள்ளவனுக்கு 74, 14 உள்ளவனுக்கு 91, 16 உள்ளவனுக்கு 98. தொடக்கத்தில் இரண்டு புள்ளிகள் 24 விழுக்காட்டை வாங்குகின்றன. இறுதியில் அதே இரண்டு புள்ளிகளுக்கு 7 விழுக்காடே கிடைக்கிறது. மேலே போகப் போகப் பயன் குறையும் என்ற இந்த உண்மையே, பின்னாளில் வந்த எல்லாப் பில்டு விவாதங்களுக்கும் விதை. நடுநிலையாகப் பங்கிடுவதே நல்லது என்போரின் வாதமும் இதிலிருந்துதான் பிறந்தது.

1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய ‘மட்’ என்ற எழுத்துவழி ஆட்டம் பலரை ஒரே கற்பனை உலகில் சேர்த்தது. 1997-இல் வந்த ‘அல்டிமா ஆன்லைன்’, வீரன், மந்திரவாதி போன்ற வகுப்புகளை நீக்கி, திறன்களின் மொத்தத்துக்கு 700 என்றும் ஒவ்வொரு திறனுக்கும் 100 என்றும் உச்சவரம்பு விதித்தது. ஏழு திறன்களை முழுமையாகப் பெறலாம், எட்டாவது கிடையாது என்பதால், எதைக் கைவிடுவது என்பதே பில்டின் மையமாயிற்று. 1999-இன் ‘எவர்குவெஸ்ட்’ வேறு திசையில் சென்றது. அடி தாங்கும் ‘டேங்க்’, காயம் ஆற்றும் ‘ஹீலர்’, சேதம் விளைவிப்பவர் என்ற பிரிவினை அங்கே உறுதிப்பட்டதால், வீரனின் பில்டு அவனுடைய தனிச் சொத்தாக இருந்த நிலை மாறி, குழுவின் தேவையால் தீர்மானிக்கப்படுவதாயிற்று.

வலிமை, விரைவு, உடலுரம்: ‘ரக்னராக்’ வழக்கு

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு இக்கேள்வி நேரடியாக வந்து சேர்ந்த வழிகளுள் ஒன்று ‘ரக்னராக் ஆன்லைன்’. கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தை, பிலிப்பைன்ஸில் தொடங்கிய லெவல் அப் நிறுவனம் அப்பத்தாண்டிலேயே இந்தியாவிலும் நடத்தியது. வீட்டில் கணினி அரிதாக இருந்து, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து பிரவுசிங் சென்டர்களில் ஆடிய காலம் அது.

இதில் ஆறு திறன்கள். ஒவ்வொன்றும் 1-லிருந்து 99 வரை உயரும். ஆனால் உயர உயர விலையும் ஏறும். முதல் படிகளுக்கு இரண்டு புள்ளி போதும்; தொண்ணூறைத் தாண்டிய பின் ஒவ்வொரு படிக்கும் பதினொன்று தேவை. ஒரு திறனை 1-லிருந்து 99-க்கு ஏற்ற மொத்தம் 628 புள்ளிகள் ஆகும். 99-ஆம் லெவலை எட்டும் சாதாரண வீரனுக்கு, தொடக்க ஒதுக்கீட்டையும் சேர்த்து, வாழ்நாள் முழுவதிலும் கிடைப்பவை 1,273. இரண்டு திறன்களை உச்சத்துக்கு ஏற்றினால் மிஞ்சுவன 17 என்பதால், மூன்றாவது திறனுக்கு ஆசைப்படுபவர் முதல் இரண்டில் எங்கோ குறைத்தாக வேண்டும்.

வாள்வீரன் வளர்ந்து ‘நைட்’ என்னும் குதிரைவீர நிலையை அடைந்ததும் கருத்து இரண்டாகப் பிரிந்தது. விரைவுக் கட்சியினர் எதிரியின் வீச்சைத் தவிர்க்கும் வாய்ப்பைப் பெருக்கினர். அவ்வாய்ப்பு 95 விழுக்காடுவரை செல்லும். அடி படாதவனுக்கு மருந்து வேண்டாம், மருந்து வாங்காதவன் விரைவில் செல்வனாவான், துணையின்றித் தனியே வேட்டையாடவும் முடியும் என்பது அவர்களின் வாதம். இதில் தர்க்கத்தைவிடச் சிக்கனமே மேலோங்கியிருந்தது என்று சொன்னாலும் தவறில்லை; மணிக்கணக்குக்குக் காசு கட்டி ஆடுபவருக்குச் சிக்கனமும் ஒரு தர்க்கம்தான்.

உடலுரக் கட்சியினர் இந்த வாதத்தின் தளர்ந்த இடத்தைச் சரியாகக் கண்டனர். இரண்டுக்கு மேற்பட்ட எதிரிகள் சூழ்ந்தால், கூடுதலான ஒவ்வொருவருக்கும் தவிர்க்கும் திறனில் பத்து விழுக்காடு கழிக்கப்படும். ஆறு பேர் சூழ்ந்தால் நாற்பது விழுக்காடு போய்விடும். மந்திரத் தாக்கையோ தவிர்க்கவே இயலாது. ஆட்டக்காரர் சங்கங்கள் கோட்டைகளுக்காக மோதும் போரில் இவ்விரண்டும் ஒருசேர நேரும். உடலுரம் ஏறினால் உயிர்ப்புள்ளி பெருகும், மயக்கத் தாக்குக்கு எதிர்ப்பு கூடும், மருந்தும் அதிகம் பலிக்கும். ஆனால் அத்தகைய வீரன் தனித்து வளர்வது மிக மெதுவானது. அவன் செலவை யாரேனும் ஏற்க வேண்டும், அவனுக்குப் பின்னால் ஒரு ஹீலர் நிற்க வேண்டும். இந்தக் கட்சி தன் விடையின் சமூக விலையைக் குறைத்தே மதிப்பிட்டு வந்தது.

இரு கட்சிகளும் ஒத்துக்கொண்டது வலிமையில் மட்டும். அதன் பத்தாம் இடத்து இலக்கத்தின் வர்க்கம் தாக்குதலில் கூடுதலாகச் சேரும் என்பதால், வலிமை 89 உள்ளவனுக்கு 64 சேர, 90 உள்ளவனுக்கு 81 சேரும். எனவே வீரனின் தொழிலுக்கெனத் தனியே உயரும் ‘வேலை லெவல்’ தரும் கூடுதலையும் கணக்கிட்டு, மொத்தம் பத்தின் மடங்கில் வந்து நிற்குமாறு அமைப்பது இருவருக்கும் பொதுவான ஒழுங்காயிற்று. எல்லாவற்றையும் சமமாகப் பங்கிட்ட கலப்பு வீரனை இரு கட்சியும் இகழ்ந்தன. ‘மெலே’ ஆட்டத்தில் நடுநிலைக்குத் துணைநின்ற அதே குறைபயன் விதி, இங்கே படிக்கட்டு வடிவ வர்க்கக் கணக்கால் முறிந்துபோனதைக் காணலாம். நடுநிலை நல்லதா என்பதற்குப் பொதுவிடை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2010-இல் கொரியாவில் வந்த ‘ரினியூவல்’ மாற்றம் சூத்திரங்களையே திருத்தியபோது, இவ்விவாதத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் பழங்கதையாயிற்று.

கணக்கே தீர்ப்பு என்னும் கட்சி

2004 நவம்பரில் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தைச் சூழ்ந்து, ஆட்டத்தின் உள்விதிகளைச் சோதனையாலும் கணிதத்தாலும் வெளிக்கொணரும் பழக்கம் ஒரு துறையளவுக்கு வளர்ந்தது. ‘தியரிகிராஃப்ட்’ எனப்படும் இப்பழக்கம், ஒரு சண்டையைப் பல்லாயிரம் முறை கணினியில் பாவனையாக நடத்திச் சராசரி சேதத்தைக் கணக்கிடும் ‘சிமுலேஷன்கிராஃப்ட்’ போன்ற திறமூல நிரல்களை உருவாக்கியது. எந்தப் பில்டு சிறந்தது என்பது கருத்து வேறுபாட்டுக்குரிய பொருளே அன்று, அளந்து அறியத்தக்கது என்பது இக்கட்சியின் நிலைப்பாடு.

இக்கட்சியின் வலிமையையும் தளர்ச்சியையும் ஒருங்கே காட்டுவது அந்த ஆட்டத்தின் பழைய வடிவம் 2019-இல் ‘கிளாசிக்’ என்ற பெயரில் மறுபடி வெளியானபோது நிகழ்ந்தது. 2004-க்குப் பிந்திய ஆண்டுகளில், குழுவின் டேங்க் கேடயம் ஏந்தி, ‘புரொடெக்‌ஷன்’ என்னும் தற்காப்புத் திறன்கிளையில் புள்ளிகளை இட வேண்டும் என்பது பொதுவழக்கு. 2019-இல் பல குழுக்கள் அதை ஒதுக்கிவிட்டு, இரு கைகளிலும் ஆயுதம் ஏந்திய ‘ஃப்யூரி’ வீரனையே டேங்காக முன்னிறுத்தின. இரு கைகளிலும் ஆயுதம் ஏந்துவதால் சாதாரண வீச்சுகளில் கூடுதலாக 19 விழுக்காடு குறி தவறும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆயினும், அரக்கன் யாரைத் தாக்குவது என்று முடிவு செய்யப் பயன்படும் ‘திரெட்’ அளவை அவ்வீரன் விரைவாகப் பெருக்குவதால் மற்றவர்கள் தடையின்றி அடிக்கலாம். சண்டை சீக்கிரம் முடிந்தால் தாங்க வேண்டிய அடியும் குறைவு. ஆட்டத்தின் எண்கள் பெரும்பாலும் மாறவில்லை. மாறியது ஆடுவோரின் அறிவு, ஒருங்கிணைப்பு, முன்தயாரிப்பு. அப்படியெனில் 2005-இன் விடை தவறா? அன்றைய சராசரிக் குழுவுக்கு அது சரியாகவே இருந்திருக்கக் கூடும். பாவனைக் கணக்கு பில்டை அளக்கிறது. ஆடுபவரை அது மாறிலியாக வைத்துக்கொள்கிறது.

ஆய்வாளர்களும் இதைக் கவனித்திருக்கின்றனர். டி. எல். டெய்லர் ‘எவர்குவெஸ்ட்’ பற்றி 2006-இல் வெளியிட்ட நூலில், கணக்குப் பார்த்து ஆடுவோரை மகிழ்ச்சியற்ற உழைப்பாளிகளாகக் காண்பது பிழை என்றும், அக்கணக்கே அவர்களுக்கு ஆட்டம் என்றும் பொருள்படும் வாதத்தை முன்வைத்தார். கிறிஸ்டோபர் பால் 2011-இல் எழுதிய கட்டுரை, இக்கணக்குகள் ஆடும் முறையையும் ஆட்டத்தை வடிவமைக்கும் முறையையும் சேர்த்தே மாற்றிவிடுகின்றன என்று காட்டியது. இரண்டும் ஏற்கத்தக்கவையே. எனினும் கணக்கு முடிவுகள் எந்த நிலைமையில் ஆடுபவருக்குப் பொருந்தும் என்ற கேள்வி இரண்டிலும் ஓரமாகவே நிற்கிறது.

திரும்பப் பெற முடியாத தேர்வு

பில்டை மாற்ற முடியுமா என்பது ஒரு துணைக் கேள்வியாகத் தோன்றினாலும், தேர்வின் இயல்பையே அது நிர்ணயிக்கிறது. 2000-இல் வெளியான ‘டயப்ளோ 2’ ஆட்டத்தில் இட்ட புள்ளியைத் திரும்பப் பெற ஏறத்தாழப் பத்தாண்டு வழியே இல்லை. 2010-இன் திருத்தத்தில்தான் அது வந்தது. இதன் விளைவு விசித்திரமானது. பிழைக்கு அஞ்சிய ஆட்டக்காரர்கள், கவசம் அணியத் தேவையான அளவு வலிமை, கேடயத்துக்குத் தேவையான அளவு கைத்திறன், மீதியெல்லாம் உயிர்ப்புள்ளிக்கு என்ற ஒரே சூத்திரத்தில் ஒடுங்கினர். சுதந்திரமாகப் பங்கிடுக என்று கொடுத்த புள்ளிகள் சடங்காக மாறின.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ தொடக்கத்தில் மாற்றத்துக்குக் கட்டணம் விதித்தது: முதல்முறை ஒரு பொற்காசு, பிறகு ஐந்து, அவ்வாறே ஏறி ஐம்பது வரை. 2009-இல் இரண்டு பில்டுகளை ஒருங்கே வைத்துக்கொள்ள வழி செய்தது. 2012-இல் புள்ளிக் கிளைகளையே நீக்கிச் சில மும்முனைத் தேர்வுகளாகச் சுருக்கியது. 2022-இல் கிளைகளை மீண்டும் கொணர்ந்தது. மாறாக, 2005-இன் ‘கில்ட் வார்ஸ்’ லெவலின் உச்சத்தை 20 என்று தாழ்வாக வைத்து, எட்டுத் திறன்களை மட்டுமே களத்துக்கு எடுத்துச் செல்லலாம், நகருக்குத் திரும்பியதும் மாற்றிக்கொள்ளலாம் என்றது. தேர்வு எளிதில் மாறும்போது சோதனை பெருகுகிறது. அதே வேளையில் இவன் இத்தகைய வீரன் என்ற அடையாளம் மெலிகிறது என்பது மறுதரப்பின் குறை. இரண்டையும் ஒரே ஆட்டத்தில் நிறைவேற்றிய வடிவமைப்பு இன்னும் வரவில்லை.

அடையாளமும் மறைந்த விலையும்

எண்களைப் பொருட்படுத்தாமல், பாத்திரத்தின் தோற்றத்துக்கும் குணத்துக்கும் ஏற்பப் பில்டு அமைப்பதே முறை என்ற நிலைப்பாடும் பழமையானது. பார்ட்டில் 1996-இல், ஆட்டக்காரர்களைச் சாதிப்போர், ஆராய்வோர், பழகுவோர், பிறரைத் தாக்கி மகிழ்வோர் என நான்காகப் பகுத்தபோதே, எல்லோருக்கும் ஒரே சிறந்த பில்டு என்ற எண்ணம் ஆட்டங்கண்டுவிட்டது. நிக் யீயும் ஜெரமி பெய்லன்சனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, உயரமான திரைவடிவம் பெற்றவர் பேரத்தில் அதிகம் விட்டுக்கொடுக்காமல் நடப்பதைக் காட்டியது. தோற்றம் ஆடும் விதத்தையும் பாதிக்கும் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

இந்நிலைப்பாட்டின் இடரை விளக்க ராஜபாளையத்திலேயே ஓர் ஒப்புமை இருக்கிறது. காட்டுப்பன்றி வேட்டையில் நெருங்கிப் பொருவதற்கென வளர்க்கப்பட்ட ராஜபாளையம் நாய், 2005-இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்று, பின்னர் தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகத்திலும் தனி இனமாகப் பதிவானது. தூய வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் சிறப்பு அடையாளங்களாக விரும்பப்பட்டதால், வளர்ப்போர் அவற்றையே தொடர்ந்து தேர்ந்தனர். அந்நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளில் சேர்ந்தே வருவது நீண்டகாலமாக அறியப்பட்ட சிக்கல். அழகுக்கு இட்ட புள்ளி, யாரும் கேட்காமலேயே செவியிலிருந்து கழிக்கப்பட்டது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வேட்டைக்கு முடிவு கட்டியபின், எந்தக் களத்துக்காக அந்த உடல் அமைந்ததோ அந்தக் களமே இல்லாமற்போனது. வேகமும் தாக்கும் திறனும் குறைந்தாலும் கண்டுபிடிக்க வாய்ப்பில்லாத நிலை அதனால் உருவானது. ஆட்டங்களிலும் தோற்றத்துக்காகத் தேர்ந்த ஆயுதம் எந்தத் திறனை மறைவாகக் குறைக்கிறது என்பது உடனே தெரிவதில்லை. ஒப்புமை இங்கே முடிகிறது: உயிருள்ள விலங்குக்கு, இட்ட புள்ளியைத் திரும்பப் பெறும் திருத்தம் எதுவும் வராது.

தெற்கிலிருந்து பார்க்கையில்: தொலைவு

மேற்கண்ட நிலைப்பாடுகள் அனைத்துக்கும் அடியில் சொல்லப்படாத ஓர் அனுமானம் உண்டு: விசையை அழுத்தியவுடன் வீரன் வாளை வீசுவான். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ராஜபாளையத்திலிருந்து நேர்க்கோட்டில் மும்பை ஏறத்தாழ 1,180 கி.மீ., சிங்கப்பூர் 3,000 கி.மீ.க்குச் சற்று மேல், ஜெர்மனியின் பிராங்பர்ட் 7,700 கி.மீ. ஆகவே செய்தி போய்த் திரும்ப ஆகும் குறைந்தபட்ச நேரம் முறையே 12, 30, 77 மில்லிநொடிகள். இது இயற்பியல் விதிக்கும் எல்லை. உண்மையில் கம்பிவடம் கடலடியே சுற்றிச் செல்லும், இடையில் பல கருவிகளில் நிற்கும், கடைசித் தூரத்தைக் கைப்பேசிக் கோபுரத்தின் வழியாகக் கடக்கும். ஆட்டக்காரர்கள் ‘பிங்’ என்று குறிப்பிடும் அளவு இதைப் போல இருமடங்கு, மும்மடங்காவது இயல்பு. ஒரே அளவில் நில்லாமல் நொடிக்கு நொடி ஏறி இறங்குவது அதைவிடத் தொல்லை.

வில்லாளியை இது அதிகம் பாதிப்பதில்லை. அவனுடைய எல்லை நீளமானது. அண்மைப்போர் வீரனுக்கு நிலைமை வேறு. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தில் பாத்திரம் நொடிக்கு 7 கஜம் ஓடும். வாளின் எல்லை 5 கஜம். 200 மில்லிநொடித் தாமதத்தில் எதிரி 1.4 கஜம் நகர்ந்துவிடுவான். வாளின் எல்லையில் கால்பங்குக்கு மேல், ஆடுபவர் எந்தத் தவறும் செய்யாமலேயே, கரைந்துவிடுகிறது. இருவரும் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லையைச் சற்று நீட்டித் தரும் சலுகை அவ்வாட்டத்தில் வைக்கப்பட்டிருப்பதே, சிக்கல் வடிவமைப்பாளர்களுக்குத் தெரிந்ததுதான் என்பதைக் காட்டுகிறது. நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013-இல் வெளியிட்ட ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ ஆட்டத்தில், திரையில் தெரியும் இடமும் சர்வர் அறிந்த இடமும் வேறுபடும் கோளாறு அண்மைப்போர் வீரர்களைப் பெரிதும் வாட்டியது. 2015-இல் நிறுவனம், சர்வரின் சொல்லுக்குக் காத்திருந்து இரண்டையும் ஒத்தியங்கச் செய்யும் மாற்று முறையைச் சேர்த்தது. ஒத்தியக்கம் கிடைத்தது, தாமதம் கையில் உணரப்படத் தொடங்கியது.

பில்டுக்கு இது தரும் விளைவை ஒரு வேறுபாட்டால் விளக்கலாம். சில தற்காப்புகள் சர்வரிலேயே கணக்கிடப்படுபவை: கவசம், உயிர்ப்புள்ளி, ‘ரக்னராக்’ ஆட்டத்தின் தவிர்க்கும் வாய்ப்பு முதலியன. தாமதம் எவ்வளவானாலும் இவை குறைவதில்லை. வேறு சில ஆடுபவரின் கையைச் சார்ந்தவை: உரிய கணத்தில் கேடயம் உயர்த்துதல், உருண்டு விலகுதல், எதிரியின் வீச்சைத் தட்டித் திருப்புதல். தாமதம் முதலில் விழுங்குவது இவற்றைத்தான். தாக்குதலிலும் அப்படியே: ‘ஃபைனல் ஃபேண்டசி 14’ ஆட்டத்தில் இரு பெரிய வீச்சுகளுக்கு இடையிலான இரண்டரை நொடியில் இரண்டு சிறு செயல்களைச் செருகும் வித்தை, பிங் அதிகமானால் அடுத்த வீச்சைப் பின்தள்ளிவிடும். நெருக்கமான தாளத்தில் இயங்கும் பில்டு, காகிதத்தில் முதலிடம் பெற்றிருந்தாலும், இங்கே பின்தங்க இடமுண்டு. மாறாக, 2018-இல் கைப்பேசிக்கு வந்த ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ எல்லாச் செயல்களையும் 0.6 நொடித் துடிப்புகளாகப் பிரித்து நடத்துவதால், மிதமான தாமதம் அத்துடிப்புக்குள் அடங்கிவிடும். தற்காப்புத் திறனைப் பயிற்றவே பயிற்றாமல் 1-இல் நிறுத்தி வலிமையை 99-க்கு ஏற்றும், ‘ப்யூர்’ எனப்படும் அதன் துணிச்சலான பில்டை ராஜபாளையத்திலிருந்து ஆடுவதும் லண்டனிலிருந்து ஆடுவதும் ஏறக்குறைய ஒன்றே.

தொலைவோடு நேரத்தையும் சேர்க்க வேண்டும். ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். ஆலைகள் ஷிஃப்ட் முறையில் ஓடுபவை. வாரந்தோறும் வேலைநேரம் மாறும் ஒருவரால் நிலையான குழுவோடு குறித்த நேரத்தில் ஆடுவது கடினம். ஹீலரை நம்பியிருக்கும் உடலுர டேங்க் எவ்வளவு சிறந்த பில்டாயினும், ஹீலர் வராத இரவில் அது பயனற்றது. தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் கோடரி வீரன், சராசரிச் சேதத்தில் பத்து விழுக்காடு குறைந்தாலும், அத்தகைய ஆட்டக்காரருக்கு உகந்தவனாக இருக்கலாம். கைப்பேசித் திரையில் இரு கட்டைவிரல்களால் ஆடும்போது பொத்தான் குறைந்த பில்டுக்குக் கிடைக்கும் ஆதாயத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்நிலைப்பாட்டுக்கும் தளர்ச்சி உண்டு. சர்வர்கள் நகர்கின்றன: ‘அல்பியன் ஆன்லைன்’ 2023 மார்ச்சில் ஆசியாவுக்கெனத் தனிச் சர்வர் தொடங்கியது, மும்பையில் பெரிய தரவு மையங்கள் பெருகிவிட்டன. தாமதத்தை முன்கூட்டியே கணித்து அதற்கேற்ப விசையை அழுத்தப் பழகிய கைகளும் உண்டு; அவர்களுக்குத் தடை ஏறத்தாழ மாறிலியாகிவிடுகிறது. எனவே தொலைவு பில்டைத் தீர்மானிக்கிறது என்று சொல்வது மிகை. சமமான இரு பில்டுகளுக்கிடையே முடிவை மாற்றும் அளவுக்கு அதற்கு எடை உண்டு என்பது வரையில் சொல்லலாம்.

திறந்திருக்கும் கேள்விகள்

வலிமை, விரைவு, உடலுரம் ஆகியவற்றுள் எது என்ற பழைய கேள்விக்கு, குறிப்பிட்ட ஆட்டத்தின் குறிப்பிட்ட பதிப்பில், குறிப்பிட்ட எதிரிக்கு எதிராக விடை காண்பது இன்று கடினமன்று. பாவனை நிரல்கள் அதைச் செய்துவிடுகின்றன. தீராதிருப்பது வேறு. சராசரியில் உயர்ந்து ஏற்றத்தாழ்வு மிகுந்த பில்டும், சராசரியில் தாழ்ந்து நிலையாக நிற்கும் பில்டும் எதிரெதிரே வரும்போது எதை எவ்வளவு எடையிட்டு ஒப்பிடுவது என்பதற்கு ஏற்கப்பட்ட அளவுகோல் இல்லை. பிங் ஏறி இறங்கும் இணைப்பில் ஆடுபவருக்கு இரண்டாவதே மேல் என்று இக்கட்டுரை கருத இடம் தருகிறது. அது தர்க்கத்தால் பெற்ற முடிவே அன்றி, அளந்து பெற்றதன்று.

அளப்பதற்குத் தேவையான தரவு கற்பனைக்கு எட்டாததும் அன்று. ஒரே ஆட்டத்தைத் தொலைவான சர்வரில் தொடங்கி, அருகில் புதிய சர்வர் திறந்ததும் அங்கே மாறிய ஆட்டக்காரர்கள் தம் பில்டையும் மாற்றினரா, அல்லது தாமதத்தின் காலத்தில் கற்ற கவசப் பழக்கத்தையே தொடர்ந்தனரா என்பதை நிறுவனங்களின் பதிவேடுகளிலிருந்து எடுத்துச் சொல்ல முடியும். அத்தகைய ஒப்பீடு வெளிவந்தால், தென்தமிழ்நாட்டு ஆட்டக்காரர் கனத்த கவசத்தைத் தேர்வது அவருடைய சுவையாலா, கம்பிவடத்தின் நீளத்தாலா என்பதற்காவது விடை கிடைக்கும்.